சும்மா கிடந்த நூறு ரூபாய்

"சும்மாதானே கிடந்துச்சு, அத்தான்."

சனிக்கிழமை மச்சினன் சொன்ன இந்த ஒரு வரி அன்றிலிருந்து என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. எதையாவது வருஷக்கணக்கில் சேர்த்துக்கொண்டோ செதுக்கிக்கொண்டோ பின்னிக்கொண்டோ இருக்கிற எல்லோருக்கும் இந்த 'சும்மா' பழக்கம்தான். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, ராத்திரி ஒன்பதுக்கு மேசை விளக்கைப் போட்டு உட்கார்ந்தால் அதற்குப் பெயர் சும்மா உட்கார்ந்திருப்பது. பக்கத்து அறையில் நாலு பேர் சீரியல் பார்ப்பது மட்டும் ஏதோ அரசாங்கப் பணி.

நம் மொரீஷியஸில் நடந்த 1998 ரூபாய் நோட்டு விவகாரம் நம் ஆட்களுக்கு மறந்திருக்காது. ஆங்கிலத்துக்கு அடுத்து நிற்க வேண்டிய தமிழைப் பின்னுக்குத் தள்ளி, நாகரி எழுத்தை முன்னால் போட்டு ஒரு புது நோட்டு வரிசையை அடித்தார்கள். தமிழர்கள் கொதித்தெழவே, மத்திய வங்கிக்காரர்கள் அத்தனையையும் திரும்பப் பெற்று, மறு வருஷம் தமிழை அதன் இடத்தில் வைத்து மறுபடி அச்சடித்தார்கள். அந்தத் தப்பான நோட்டுதான் என் பைத்தியம். 25, 50, 100, 200, 500, 1000, 2000 என்று ஏழு நோட்டு. ஒன்பது வருஷம் ஆனது எனக்கு. முதலில் வாங்கிய ஆல்பம் பி.வி.சி. உறை, அது நாளாக ஆக நோட்டின் மேல் பிசுபிசுவென்று எதையோ கக்கும் என்று பிறகுதான் தெரிந்தது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நோட்டைக் கெடுக்காத மைலார் பிளாஸ்டிக் உறைக்கு மாறினேன். நம் ஊர் ஈரத்துக்குப் பயந்து, வீட்டுக்கு வரும் புதுச் செருப்பு டப்பாவிலெல்லாம் சிலிகா ஜெல் பொட்டலம் பொறுக்கினேன். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது டிவியை விட்டுவிட்டு ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன், அதை வீட்டம்மா இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிக்கிறாள். கடைசியாகப் பாக்கி இருந்த 2000 போன மாதம்தான் கிடைத்தது. ஏழும் ஒன்றாக இருந்தது மூன்றே வாரம்.

சனிக்கிழமை காலை சிலிகா பொட்டலம் மாற்றலாம் என்று ஆல்பத்தைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். பத்து நிமிஷம். வந்து பார்த்தால் 100 ரூபாய் இருந்த உறைக்குள் 25 ரூபாய் நோட்டு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பாலிமர், அதாவது பிளாஸ்டிக்கில் அடித்த இந்தக் காலத்து நோட்டு. அதன் மூலையில் பச்சைச் சட்னி.

எனக்குக் கண் தெரியவில்லையோ என்று துடைத்துக்கொண்டு பார்த்தேன். சட்னிதான். மோந்தும் பார்த்தேன்.

மச்சினன் ஹாலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, பருப்பு வைத்துச் சுடுகிற நம் ஊர் ரொட்டியான டால் பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையில் சில்லறை இல்லையாம், பிள்ளைகள் பசி என்றதாம், ஆல்பத்தில் பணம் இருந்ததாம். மீதியை ஒழுங்காக 'அதே இடத்தில்' வைத்துவிட்டானாம். அவன் நேர்மையைப் பாருங்கள்! பக்கத்திலேயே 1000 இருந்தது, 2000 இருந்தது, ஏன் தொடவில்லை என்று கேட்டேன். "பெரிய நோட்டை எடுத்தா நீங்க கோவிப்பீங்கன்னுதான்" என்கிறான். இந்தப் பெருந்தன்மைக்கு நான் எங்கே போய்க் கோவில் கட்டுவது?

ஈரத் தலையோடு ரோஸ் ஹில் கடைத்தெருவுக்கு ஓடினேன். டால் பூரிக்காரரிடம் போய், அண்ணே, இப்ப ஒரு பையன் குடுத்த நூறு ரூபாய் வேணும், வேற நூறு தர்றேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். எல்லா நூறும் ஒண்ணுதானே தம்பி என்றார். இல்லைண்ணே, அதுல தமிழ் பின்னால இருக்கும் என்றேன். எண்ணெய்க் கையோடு அவர் கல்லாவைத் திறந்துவிட, நான் வரிசையை மறித்துக்கொண்டு ஒவ்வொரு நூறாக எடுத்துப் பார்க்கிறேன். ஒவ்வொன்றிலும் நூறு ரூபாயில் படமாக இருக்கிற ரங்கநாதன் சீனிவாசன் என்னையே பார்க்கிறார். ஒவ்வொன்றிலும் தமிழ் முன்னால் இருக்கிறது. தமிழ் முன்னால் நிற்பதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான். அதற்குள் பின்னால் நின்ற ஒரு அம்மா கள்ள நோட்டா என்று கேட்க, அவ்வளவுதான், வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பர்ஸைத் திறந்து நோட்டை வெயிலில் தூக்கிப் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் என்னிடமே நீட்டி, இது நல்லதா பாருங்க என்றார். நல்லதுதான் ஐயா, அதுதான் என் பிரச்சினையே.

நோட்டு போயே போய்விட்டது. யாருக்கோ பாக்கியாகக் கொடுத்திருப்பார். இந்நேரம் யாருடைய கால்சட்டைப் பையிலோ நாலாக மடிந்து, வாஷிங் மெஷினில் சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்பது வருஷம் விரலால் தொடாமல் ஓரத்தைப் பிடித்து வளர்த்தேன்!

வீடு திரும்பினால் மச்சினன் ஏடிஎம் போய் வந்திருக்கிறான். மொடமொடவென்று ஒரு புது நூறை நீட்டி, "மடிப்பே இல்ல அத்தான், அதோட இதுல தமிழ்தான் முன்னால இருக்கு, நீங்க சந்தோஷப்படணும்" என்கிறான். இவனுக்கு எதை எங்கிருந்து விளக்குவது? தப்பு இருந்தால்தான்டா மதிப்பு என்றேன். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்கிற பார்வை அது. மாமா வேறு, இனிமே எல்லாத்தையும் லேமினேட் பண்ணி வச்சிடுங்க மாப்பிள்ளை, யாரும் செலவு பண்ண முடியாது என்றார். லேமினேட்! பேசாமல் டால் பூரிக்கே கொடுத்திருக்கலாம்.

நேற்று ராத்திரி மாமியார் போன். "மாப்பிள்ளை, என் பர்ஸ்ல நாலு நூறு இருக்கு, எல்லாத்துலயும் எழுத்து நல்லாத் தெரியுது, குடுத்து விடவா?" அதற்கு மேல் தாங்க முடியவில்லை, சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தேன். சரி, இன்னொரு 100 எங்கேயாவது இருக்கும், தேடுவோம் என்று மேசை விளக்கைப் போட்டு உட்கார்ந்து, நோட்டு எடுக்கிற என் சாமணத்தைக் கையில் எடுத்தேன்.

மீன் வாடை. என் சாமணத்தில் யார் இந்த வீட்டில் மீன் முள் எடுத்தது?