ஜன்னல் இல்லாத உஸ்மான் சாலை

"அந்தக் காலத்து தி.நகர் எவ்வளவு அமைதியா இருந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பிக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அந்த அமைதிக்கும் முன்னால் அங்கே ஏரி இருந்தது. 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து, மனை போட்டு, சர் பிட்டி தியாகராயர் பெயரை வைத்து ஒரு புறநகரை உண்டாக்கினார்கள். ஏரி போய்விட்டது; மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு மட்டும் இருக்கிறது. வியூ, எதிர் வீட்டு பால்கனிதான்.

கடையும் புதுசில்லை. நல்லி பட்டுப்புடவைக் கடை 1928லேயே வந்தாச்சு. கீழே வியாபாரம், மேலே குடித்தனம் என்றுதான் அந்தப் பக்கம் பல கட்டிடங்கள் இருந்தன. பிறகு மேல்மாடியும் கடையானது, அதற்கும் மேலே மாடிகள் ஏறின. செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வந்து ஒரே நாளில் கல்யாண ஜவுளி, பாத்திரம், நகை எல்லாம் முடித்துக்கொண்டு போகிற குடும்பத்துக்கு அதனால் லாபம்தான். கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிக்க எனக்கு உரிமை இல்லை.

என் கோபம் முகப்பு மேல். ரங்கநாதன் தெருப் பக்கம் போனால் ஏதாவது சந்தில் நுழைந்து பக்கவாட்டில் பாருங்கள். முன்னால் பளபளவென்று ஏசிபி ஷீட், அதாவது முகப்பை மூடுகிற அலுமினியப் பலகை. அதற்கு ஒரு அடி பின்னால் பழைய வீட்டு சன்ஷேடு, துருப்பிடித்த ஜன்னல் கம்பி, நடுவில் ஏசி தண்ணீர் ஒழுகிப் பாசி பிடித்த சுவர். அந்த ஜன்னலை இனி யாரும் திறக்க முடியாது.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. 2017 மே 31 அதிகாலை உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக்கடை பற்றி எரிந்தது. புகை வெளியேற வழியில்லை. தீயணைப்புத் துறை சுவரை உடைக்க வேண்டியிருந்தது. கட்டிடத்தில் ஒரு பகுதி சரிந்து, கடைசியில் மொத்தத்தையும் இடித்தார்கள்.

விதி இல்லாமலா? இருந்தது. மீறினவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தச் சட்டத்தையே திருத்தினோம். 2011 கடைசியில் ரங்கநாதன் தெருவில் விதி மீறின கடைகளுக்கு சீல் வைத்தார்கள். பொங்கலுக்குள் சுப்ரீம் கோர்ட் அனுமதியோடு ஷட்டர் ஏறிவிட்டது.

பாண்டி பஜாரில் 2019ல் நடைபாதையை அகலமாக்கியது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதே அக்கறையை மேலேயும் காட்டலாமே? மாடிக்கு மாடி திறக்கிற ஜன்னல், அதை மறைத்து போர்டு வைக்கத் தடை. ஏசி பில் எகிறும் என்பார்கள் கடைக்காரர்கள். எகிறட்டும், ஒரு ஆடித் தள்ளுபடியில் எடுத்துவிட மாட்டார்களா!