தேக்கி வைப்பதில்லை, செலவு செய்வதில்லை

"பாலைவன எலிகளுக்குத் தண்ணீரே தேவையில்லை, உடம்பில் தேக்கி வைத்துக்கொள்ளும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். குடிக்காமல் வாழ முடியும் என்பது சில இனங்களுக்குச் சரி. தண்ணீர் தேவையில்லை என்பது தவறு, தேக்கி வைப்பதும் கிடையாது.

வட அமெரிக்கப் பாலைவனங்களில் வாழும் கங்காரு எலியைப் பாருங்கள். அது தின்னும் விதையிலுள்ள மாவுச்சத்து உடம்பில் எரியும்போதே நீர் உண்டாகிறது: ஒரு கிராமுக்கு அரை கிராமுக்குச் சற்று மேல். இந்த வேதிவினை நமக்குள்ளும் நடக்கிறது, ஆனால் நமக்குப் போதாது. அதற்குப் போதுவதற்குக் காரணம் சிக்கனம்தான். சிறுநீரை நம்மைவிடச் சுமார் நான்கு மடங்கு அடர்த்தியாக்கும் சிறுநீரகம் அதற்கு. மூச்சை வெளியே விடும்போது குளிர்ந்த மூக்குக்குள்ளேயே ஈரத்தின் பெரும்பகுதி படிந்து நின்றுவிடும். பகலில் வளைக்குள்ளேயே இருக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த மூக்குதான். அவ்வளவு சிறிய இடத்தில் அவ்வளவு வேலை!

அப்புறம், எல்லாப் பாலைவன எலிகளும் விதையை நம்பி இருப்பதில்லை. வட ஆப்பிரிக்காவின் கொழுத்த மணல் எலி சதைப்பற்றுள்ள உப்புச் செடி இலைகளைத் தின்கிறது. தின்னுமுன் உப்பு படிந்த மேல்தோலைப் பல்லால் சுரண்டிப் போட்டுவிடும்.