தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம்

நேற்று நண்பர் ஒருவர் பகிர்ந்திருந்த படத்தைப் பார்த்தேன். கரிந்துபோன முற்றம். அதன் நடுவில் கழுத்துச் சங்கிலியோடு ஒரு நாய். 2025 மார்ச் மாதம் தென் கொரியாவில் மூண்ட காட்டுத்தீயின்போது எடுத்த படமாம். மேலே அவர் எழுதியிருந்த வரி: ‘நாய்க்கறி தின்கிறவர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?’ கீழே வரிசையாக ஆமாம் சாமிகள்.

அந்த வாரம் நான் அங்கேதான் இருந்தேன். வட கியோங்சாங் மாகாணத்தில் ஆந்தோங் நகரம். அங்கே ஓர் ஆய்வகத்தில் வேலை. நண்பருக்கு இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. நாய்க்கறிக்கு அங்கே 2024 ஜனவரியிலேயே தடைச் சட்டம் நிறைவேறிவிட்டது, 2027 பிப்ரவரியில் அது முழுமையாக நடைமுறைக்கு வருகிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு அந்தப் பேச்சை மூடுகிறேன். படத்தில் இருக்கிற சங்கிலிக்கும் கறிக்கும் சம்பந்தம் இல்லை.

கொரியக் கிராமங்களில் வீட்டுக்கு ஒரு நாய் உண்டு. ‘மாதாங் கே’ என்பார்கள், முற்றத்து நாய். வெள்ளையாக இருந்தால் பெயர் பெக்கு, மஞ்சளாக இருந்தால் நூரங்கி. நம் ஊரில் கருப்பன், செவலை என்று வைப்பதுபோல, யோசிக்கவே தேவையில்லாத பெயர்கள். காவலுக்கும் காட்டுப்பன்றியை விரட்டவும் வளர்ப்பது. பழைய சோறும் மீன் தலையும் சாப்பாடு. குட்டியாக வந்த நாளில் சங்கிலி மாட்டினால் சாகிறவரை அதே இடம்தான். விலங்கு நல ஆர்வலர்கள் இதற்கு ‘1 மீட்டர் வாழ்க்கை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கட்டி வளர்த்தால் கயிறு 2 மீட்டருக்குக் குறையக்கூடாது என்று 2023 ஏப்ரலில் விதி வந்தது. ஒன்று இரண்டானது, அவ்வளவுதான்.

என் ஆய்வகத்து நண்பரின் பாட்டி, கிலான் பக்கத்து ஆப்பிள் கிராமம் ஒன்றில் தனியாக இருந்தார். வயது 82. அறுவடை நேரத்தில் நான் அங்கே பழம் பறிக்கப் போய்ப் பழக்கம். என்னை ‘சொங்கக்’ என்றுதான் கூப்பிடுவார். நம் ஊரில் ‘தம்பி’ என்பதுபோலத்தான், ஆனால் கல்யாணமாகாதவன் என்ற பொருளோடு. எனக்குக் கல்யாணமாகிப் பத்து வருடமாகிறது என்று எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை. அவரிடம் ஒரு பெக்கு இருந்தது. இரும்புக் குழாயில் சங்கிலி, சங்கிலி முனையில் துருப்பிடித்த கொக்கி. அது சுற்றிச் சுற்றி நடந்து முற்றத்தில் ஒரு வட்டம் தேய்ந்திருந்தது. வட்டத்துக்குள் புல் ஒரு இழைகூடக் கிடையாது. வெளியே முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த களை.

மார்ச் 22-ஆம் தேதி பக்கத்து மாவட்டமான உய்சோங்கில் முன்னோர் கல்லறையைச் சீர்செய்ய வந்த ஒருவரால் பற்றிய தீ அது. மூன்று நாள் மலைமேல் புகைந்துகொண்டிருந்தது. நாங்களும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். 25-ஆம் தேதி காற்று திரும்பியது. அன்று தீ மணிக்கு 8.2 கிலோமீட்டர் வேகத்தில் பரவியதாகப் பின்னர் கணக்கிட்டார்கள். உட்கார்ந்து படிக்கும்போது பெரிய வேகமாகத் தெரியாது. 80 வயதுக்காரர் மலைப்பாதையில் நடக்கிற வேகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த மலைகள் முழுக்கப் பைன் மரம். பிசின் எரிந்து கங்குகள் காற்றில் ஏறி, பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய் விழும். அதை அவர்கள் பூதத்தின் நெருப்பு என்கிறார்கள். நம் கொள்ளிவாய்ப் பிசாசுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. மாலை ஐந்து மணி வாக்கில் எல்லோருடைய கைப்பேசியும் ஒரே நேரத்தில் அலறியது. நகர மக்கள் அனைவரும் வெளியேறவும் என்று செய்தி. நகரம் முழுவதும் எங்கே வெளியேறும் என்பது மட்டும் அதில் இல்லை.

பாட்டியை ஊர்த்தலைவர் தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஐந்து பேர் உட்காரும் காரில் ஏழு பேர், அதில் இரண்டு பேருக்கு நடக்க முடியாது. இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர் ‘கொக்கியைக் கழற்ற எத்தனை நொடி ஆகும்?’ என்று கேட்டுவிடுகிறார். பாட்டியின் விரல் மூட்டுகள் நிலக்கடலைக் காய்போல வீங்கியிருக்கும். இருட்டு, புகை, மிரண்டு இழுக்கிற நாய், அழுத்தினாலும் அசையாத துரு. அவர் முயன்று பார்த்தார். ஊர்த்தலைவர் அவருடைய இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் காரில் வைத்தார். ஊர்த்தலைவர் செய்தது சரி. அன்றிரவு அந்தத் தீயில் மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் பாட்டியின் வயதுக்காரர்கள்தான். அந்த மார்ச் மாதத்துக் காட்டுத்தீக்களில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடலோர யோங்தொக்கில் சுகியாண்டோ என்ற இந்தோனேசிய மீன்பிடித் தொழிலாளி மூதாட்டிகளை முதுகில் சுமந்து ஓடியிராவிட்டால் அந்த எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கும்.

பாட்டியைத் தங்கவைத்த பள்ளி உடற்பயிற்சிக் கூடத்துக்கு இரவு பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் ஒரு நடுத்தர வயதுக்காரர், கோட்டுக்குள் ஒரு குட்டி நாயை மறைத்துக்கொண்டு தன்னார்வலரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். வழிகாட்டி நாய் தவிர வேறெதற்கும் அனுமதி இல்லை. அரசின் பேரிடர் வழிகாட்டுதலே அப்படித்தான் சொல்லியிருந்தது. அவர் திரும்பிப் போய்க் காரில் படுத்துக்கொண்டார். வெளியே காற்றில் சாம்பல் பறந்துகொண்டிருந்தது. பாட்டி எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “பெக்குவை யாராவது அவிழ்த்திருப்பார்களா?” மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை நண்பர் பொய் சொன்னார்.

அன்று எதையெல்லாம் காப்பாற்றினார்கள் என்று யோசிக்கிறேன். ச்சோங்சோங் சிறையிலிருந்து சுமார் 500 கைதிகளைப் பஸ்களில் ஏற்றி வேறிடம் கொண்டுபோனார்கள். ஏழாம் நூற்றாண்டில் தோன்றிய கோவுன்சா ஆலயம் எரிவதற்குள் அங்கிருந்த கல் புத்தரை வண்டியேற்றிவிட்டார்கள். பெயர்க்க முடியாத பீடத்துக்குக்கூடத் தீத்தடுப்புத் துணி சுற்றினார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை; கைதியையும் கல்லையும் மறக்காத நிர்வாகத்தின் மேல் எனக்கு மரியாதைதான் வருகிறது. ஆனால் கைதிக்குப் பட்டியல் இருக்கிறது, சிலைக்கு எண் இருக்கிறது. யார், எப்போது, எந்த வண்டியில் என்று யாரோ அமைதியான ஒரு நாளில் உட்கார்ந்து யோசித்து எழுதி வைத்திருக்கிறார்கள். சங்கிலியில் கிடக்கிற நாயை யாரும் எந்தத் தாளிலும் எழுதவில்லை.

28-ஆம் தேதி பாதை திறந்ததும் நானும் நண்பரும் போனோம். முந்தைய இரவு லேசாகத் தூறியிருந்தது. ஊரே நனைந்த கரி வாசனை. பாட்டி வீட்டின் கூரைத்தகடு சுருண்டு தரையில் கிடந்தது. ஊறுகாய் ஜாடிகள் மட்டும் வரிசை கலையாமல் நின்றன. பெக்கு உயிரோடு இருந்தது. தேய்ந்த அந்த வட்டத்துக்குள், மண்ணைத் தோண்டி, வயிற்றைப் பள்ளத்தில் வைத்துப் படுத்திருந்தது. வட்டத்துக்குள் எரிவதற்கு எதுவும் இல்லை, அதனால் தீ சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. தண்ணீர்க் கிண்ணம் உருகித் தரையோடு ஒட்டியிருந்தது. ஒரு பக்கத்து மீசை கருகியிருந்தது. நான்கு பாதங்களிலும் தோல் உரிந்து, உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. கழுத்துப்பட்டையின் இரும்பு வளையம் சுட்ட இடத்தில் முடி போய் அரை வட்டத் தழும்பு. கொக்கியை என்னாலும் கழற்ற முடியவில்லை. காரிலிருந்து இடுக்கி கொண்டுவந்து சங்கிலியை வெட்டினோம்.

இதைச் சொன்னால் ‘அப்படியானால் கட்டிப்போட்டதுதான் காப்பாற்றியது’ என்று ஒருவர் வருவார். வந்தார்கள். அவர்களுக்காக இரண்டு வீடு தள்ளி இருந்த நூரங்கியைப் பற்றியும் சொல்லவேண்டும். அதன் கூடு சிமெண்டுத் திண்ணைமேல், பக்கத்தில் விறகு அடுக்கு. சங்கிலி விறைப்பாக, எவ்வளவு நீளுமோ அவ்வளவும் நீண்டு கிடந்தது. அதற்குமேல் எழுத எனக்கு மனமில்லை.

இப்போது படத்தைப் பகிர்ந்த நண்பரின் வரிக்கு வருகிறேன். குற்றவாளி யார்? கொரிய விலங்குப் பாதுகாப்புச் சட்டம், பேரிடரின்போது விலங்கு பத்திரமாக வெளியேற உரிமையாளர் முயல வேண்டும் என்று சொல்கிறது. அதே நாட்டின் முகாம் விதி, விலங்கோடு வந்தால் உள்ளே வராதே என்கிறது. கொண்டுவா என்று ஒரு கை கூப்பிடுகிறது, வராதே என்று மறு கை தள்ளுகிறது. நடுவில் நிற்பது 82 வயதுப் பாட்டி. அவருக்குக் கார் இல்லை, கைப்பேசியில் வந்த செய்தியைப் படிக்கக் கண் இல்லை.

அமெரிக்காவில் இதற்கு இரண்டு விதமாகப் பதில் தேடியிருக்கிறார்கள். 2024 அக்டோபரில் மில்டன் புயல் நெருங்கியபோது, புளோரிடாவில் டாம்பா அருகே நெடுஞ்சாலை வேலியில் கட்டிவிட்டுப் போன ஒரு புல் டெரியர் நாயை வெள்ளநீரிலிருந்து ரோந்துக் காவலர் மீட்டார். அதற்கு ‘ட்ரூப்பர்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரிலேயே 2025-இல் சட்டமும் வந்தது. இயற்கைப் பேரிடரின்போது நாயைக் கட்டிப்போட்டுக் கைவிட்டால் 5 ஆண்டு வரை சிறை. காரில் வந்து, காரை நிறுத்தி, வேலியில் கட்டிவிட்டுப் போகிறவனுக்கு அது தகும். அதே சட்டத்தைக் கொண்டுபோய் எங்கள் பாட்டியின் மேல் போட முடியுமா? எனக்குப் பிடித்தது அதற்கு முந்தையது. 2005-இல் கத்ரீனா புயலின்போது நாயையும் பூனையையும் விட்டு வர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் பலர். மறு ஆண்டே சட்டம் கொண்டுவந்தார்கள்: பேரிடர்த் திட்டத்துக்கு மத்திய நிதி வேண்டுமென்றால் அதில் வீட்டு விலங்குகளுக்கும் வழி சொல்லியிருக்க வேண்டும். அங்கே கருணையால் மட்டும் அது வரவில்லை. நாய்க்குக் கதவடைத்தால் மனிதனும் வரமாட்டான் என்று கண்டுகொண்டதால் வந்தது.

தஞ்சைப் பக்கம் எங்கள் தாத்தாவின் மாட்டுத் தொழுவத்தில் இறவாணத்தில் ஓர் அரிவாள் எப்போதும் செருகியிருக்கும். அதைப் புல் அறுக்க எடுத்தால் அடி விழும். அது தும்பு அறுப்பதற்கு மட்டும். தீயோ வெள்ளமோ வந்தால் மாட்டை இழுத்துக்கொண்டு ஓடாதே, கயிற்றை அறுத்துவிட்டு ஓடு, அது தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்பார். அவர் ஒன்றும் விலங்கு நேயர் அல்ல. சண்டி மாட்டை விளாறியவர்தான். ஆனால் கட்டிப்போட்டவனுக்கு அவிழ்க்கிற கடமை உண்டு என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. எரியும்போது யோசிக்க முடியாது என்றும் தெரியும், அதனால்தான் அரிவாள் முன்கூட்டியே அங்கே இருந்தது. கயிறு இருந்த இடத்தில் சங்கிலி வந்தது, அரிவாளுக்கு வேலை போனது. சங்கிலி அறுபடாது, எரியாது.

கொரிய விலங்கு அமைப்புகளும் அந்த வாரம் இதையேதான் கேட்டன: கூட்டிக்கொண்டு போக முடியாவிட்டால் கட்டையாவது அவிழ்த்துவிடுங்கள். அவிழ்த்தால் சாலையில் அடிபடும், கோழியைக் கடிக்கும், காடேறித் தெருநாயாகிவிடும் என்கிறார்கள். ஆகலாம். நூரங்கிக்கு அந்த வாய்ப்பாவது இருந்திருக்கும். கைப்பேசி அலறலில் ‘கட்டிய விலங்கை அவிழ்த்துவிடவும்’ என்று ஒரு வரி சேர்க்க எவ்வளவு செலவாகும்? ஊர்த்தலைவர்களுக்கு எந்த வீட்டில் நாய் இருக்கிறது என்பது தெரியாத செய்தி அல்ல. ஒரு கையால் அழுத்தினால் திறக்கிற கொக்கி ஒரு வேளைச் சாப்பாட்டை விடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. பள்ளிக்கூடத்து மிதிவண்டிக் கொட்டகையில் பத்து நாய்களைக் கட்டலாம். முற்றத்து நாயே இருக்கக்கூடாது, எல்லாம் வீட்டுக்குள் வாழவேண்டும் என்று நகரத்தில் இருந்துகொண்டு எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அந்த நல்ல காலம் வருவதற்குள் எத்தனை மார்ச் மாதங்கள் வரும் என்பதுதான் என் கவலை.

பாட்டி இப்போது அரசு கொடுத்த தற்காலிகப் பெட்டி வீட்டில் இருக்கிறார். பெக்குவும் அங்கேதான், வாசற்படிக்குப் பக்கத்தில். பாதத்தில் முடி முளைத்துவிட்டது. சங்கிலிக்குப் பதில் நீளமான கயிறு வாங்கிக்கொடுத்து, தாத்தா மாட்டுக்குப் போடும் முடிச்சைப் பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தேன். தொங்கும் முனையைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும். அந்த விரல்களை வைத்துக்கொண்டு நான்கு முறை முயன்றார். ஐந்தாவது முறை சட்டென்று அவிழ்ந்தது. பெக்கு ஒரு நொடி எங்களைப் பார்த்தது, பிறகு பக்கத்துப் பூண்டுத் தோட்டத்துக்குள் பாய்ந்து மறைந்தது. இருட்டும்வரை தேடினோம். “சொங்கக், நல்ல முடிச்சு சொல்லிக்கொடுத்தாய்” என்று வரப்பு நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.