சான்டோரினி போய், 'கடலில் ஒரு நாள்' வந்தது

கிரீஸின் சான்டோரினி தீவுக்காகத்தான் அந்த உல்லாசக் கப்பலையே தேர்ந்தெடுத்தோம். பணம் முழுக்கக் கட்டி, விமான டிக்கெட்டும் எடுத்த பிறகு, "பயணத்திட்டத்தில் சிறு மாற்றம்" என்று கப்பல் நிறுவனத்திடமிருந்து மெயில் வருகிறது. திறந்து பார்த்தால் சான்டோரினி இருந்த வரியில் 'கடலில் ஒரு நாள்', அதாவது எங்கும் இறங்காமல் கப்பலிலேயே கழிக்கும் நாள். இதுவா சிறு மாற்றம்?

புயலுக்காகக் கேப்டன் திருப்பினால் சரி, அதில் வாதமே இல்லை. இது கிளம்புவதற்கு எவ்வளவோ முன்னாடியே, காரணம் கேட்டால் "செயல்பாட்டுக் காரணங்கள்" என்கிறார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னவருக்கும் தெரியாது போல.

ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் எந்தத் துறைமுகத்தையும் விட்டுவிடலாம் என்று அவர்களே எழுதி வைத்துக்கொள்கிறார்கள். விட்டுப்போன துறைமுகத்துக்குக் கட்டிய கட்டணம் பெரும்பாலும் காசாக இல்லாமல், கப்பலிலேயே செலவழிக்க வேண்டிய வரவாகத்தான் திரும்பும். கப்பல் வழியாகப் போட்ட சுற்றுலாவுக்குக் காசு வந்துவிடும், வெளியே தனியாகப் போட்டிருந்தால் நாம்தான் மல்லுக்கட்டணும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015 பேக்கேஜ் பயண விதிப்படி, கிளம்புமுன் முக்கிய அம்சத்தைக் கணிசமாக மாற்றினால் அபராதமில்லாமல் ரத்து செய்யலாம். ஆனால் எது 'கணிசம்'? அங்கேதான் இழுபறி. அவர்கள் சொன்ன கெடுவுக்குள் பதில் போடாவிட்டால் சில நாடுகளில் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்க விதியோ பயணம் ரத்தானால், இல்லை ஏறுவதே 3 நாள் தள்ளிப்போனால்தான் பேசும், துறைமுகம் விட்டுப்போனதற்கு வாயே திறக்காது. காப்பீடா? பயணத்திட்ட மாற்றத்துக்குத் தனிப் பிரிவு இருந்தால் கொஞ்சம் கிடைக்கும், அதையும் முன்கூட்டியே எடுத்திருக்கணும்.