வாசிப்புச் சோதனைக்கு எதற்கு வீடியோ?

இரண்டு நாளாக எல்லாக் குழுவிலும் சுற்றுகிற அந்த வீடியோவைப் பற்றித்தான். எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளையை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, முகத்துக்கு நேரே செல்போனை நீட்டி, 'படி, படி' என்கிறார்கள். கீழே நூறு பேர் கவர்மெண்ட் ஸ்கூலைத் திட்டுகிறார்கள்.

வாசிப்புச் சோதனையைத் தனியாக உட்கார வைத்துத்தான் செய்ய வேண்டும். ஒரு பிள்ளை, ஒரு ஆசிரியர், சத்தமில்லாத இடம். படிக்கக் கொடுப்பதும் பிள்ளை பார்க்காத பத்தியாக இருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் இருப்பதைக் கொடுத்தால் மனப்பாடமாகச் சொல்லிவிடும். எங்கே திணறுகிறது? எழுத்தே தெரியவில்லையா, கொம்பும் காலும் வந்தால் குழம்புகிறதா, எழுத்துக் கூட்டிச் சொல்லாக்க வரவில்லையா? இதைக் குறித்து வைப்பதற்குத்தான் சோதனை. கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தினால் பிள்ளையின் பயம்தான் தெரியும், வாசிப்பு தெரியாது.

'அப்போ சோதனையே வேண்டாமா டீச்சர்?' என்று கேட்பீர்கள். வேண்டும். 2022இல் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து ஆசையாகச் சொல்லிக் கொடுத்தவள் நான். இரண்டாம் வகுப்புக்கு நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல் என்று மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் இலக்கு வைத்திருப்பதும் தெரியும். ஆனால் 100 பிள்ளைக்கு ஆளுக்கு 5 நிமிடம் என்றால் 500 நிமிடம், எட்டு மணி நேரத்துக்கு மேல். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் இருக்கிற பள்ளியில் ஒரே நாளில் முடி என்றால் எப்படி முடியும்? ஒருவர் சோதிக்கும்போது மற்ற வகுப்புகளை யார் பார்ப்பது? அதைத் திட்டமிடாமல் அதிகாரிகள் தேதியை மட்டும் சொல்லிவிடுகிறார்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வந்து பாருங்கள். வீட்டில் தெலுங்கு, கன்னடம். பள்ளிக்கு வந்துதான் தமிழ். என்னிடம் அப்படி ஒரு பிள்ளை இருந்தாள். அதிகாரி வந்து கேட்டபோது வாயே திறக்கவில்லை, பூஜ்யம் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் புங்கமரத்தடியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் வைத்துப் பத்தி முழுதும் படித்தாள். ழகரம் வரவில்லை, அவ்வளவுதான். வீட்டுப் பேச்சில் வருகிற உச்சரிப்பைத் தப்பென்று எண்ணக் கூடாது என்பதைக்கூடச் சோதிக்க வருகிறவர்களுக்குச் சொல்லி அனுப்ப மாட்டீர்களா?

'பெற்றோருக்குத் தெரிய உரிமை இல்லையா?' இருக்கிறது. தன் பிள்ளையைப் பற்றி. அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றி இல்லை.

'சம்பளம் வாங்குகிறீர்களே' என்கிறவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளத்தில் பதிவு போட்டு, பள்ளிக்கு வராத பிள்ளையை வீடு தேடிப் போய், செங்கல் சூளைக்குப் போன குடும்பம் எப்போது திரும்பும் என்று விசாரித்து, அதற்கப்புறம்தான் பாடம். அதையெல்லாம் யாரும் வீடியோ எடுப்பதில்லை.

அடுத்த வாரம் எங்கள் பள்ளியில் சோதனை. ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறோம், எத்தனை நாள் ஆனாலும் சரி. முடிந்த கையோடு கொம்பில் திணறுகிறவர்களைத் தனியாக, சொல் கூட்ட வராதவர்களைத் தனியாக உட்கார வைத்துக் கற்பிக்கப் போகிறோம். அந்த நாட்களில் தயவுசெய்து யாரும் செல்போனோடு வகுப்புக்குள் வராதீர்கள்.