தப்பான விடையைத் தட்டிப் பாருங்கள்

போன மாதம் எங்கள் பள்ளிக்கு ஒரு கணித ஆப்பை டெமோ காட்ட வந்திருந்தார்கள். வண்ணம், இசை, சரியான விடைக்கு நட்சத்திரம். பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைமையாசிரியர் என்னைப் பார்த்து, "வாங்கலாமா டீச்சர்?" என்றார். ஐந்து நிமிடம் டேப்லெட்டை என்னிடம் தரச் சொன்னேன்.

1/2 + 1/3 என்ற கணக்கு வந்தது. 2/5 என்று தட்டினேன். ஏழாம் வகுப்பு விடைத்தாள்களில் வருடா வருடம் நான் பார்க்கும் விடை அது. தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டிவிடுவார்கள். சிவப்புப் பெருக்கல் குறியும் 'மீண்டும் முயற்சி செய்' என்ற வரியும் வந்தன. வேறு இரண்டு தப்பு விடைகளைப் போட்டதும் 5/6 என்று அதுவே சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டது. அரையை விட 2/5 சிறியது, அரையோடு இன்னொரு பின்னத்தைக் கூட்டினால் எப்படிக் குறையும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பவும் அதே கணக்குக்கு வந்து 10/12 என்று போட்டேன். அதையும் தப்பு என்றது! சரியாகச் செய்து சுருக்காமல் விட்ட பிள்ளைக்கும் ஒன்றுமே புரியாத பிள்ளைக்கும் அதே சிவப்புக் குறி.

பக்கத்தில் நின்ற ஒரு பையன் சொன்னான்: "டீச்சர், தப்பாவே போட்டுட்டு இருந்தா கடைசில அதுவே விடையச் சொல்லிடுது." எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவன் கற்றுக்கொண்டது அதைத்தான்.

இது புதிய ஆபத்தும் இல்லை. 1973இல் எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் பென்னி என்ற ஆறாம் வகுப்பு மாணவனைப் பற்றி எழுதினார். கணினியில் அல்ல, தாளில் நடந்தது. ஆனால் முறை இதுதான். தானே பாடத்தாளைச் செய்ய வேண்டும், விடைக்குறிப்போடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள், தேறினால் அடுத்த தாள். பென்னி வேகமாக முன்னேறும் நல்ல மாணவன் என்றே ஆசிரியர் நினைத்திருந்தார். உட்கார்ந்து பேசிப் பார்த்தால் அவனுக்கு 2/10 என்பது 1.2, 5/10 என்பது 1.5. விடைக்குறிப்போடு ஒத்துப்போகத் தனக்கென்று விதிகளை உருவாக்கி வைத்திருந்தான்.

ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளை நான் விரும்புவதற்குக் காரணம், அது இதற்கு நேரெதிர். 2001இல் ஆஸ்திரியாவில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் தொடங்கியது. நம் பாடநூலின் இணையச் செயல்பாடு பக்கங்களிலும் இருக்கிறது. நட்சத்திரம் கிடையாது. முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுத்தால் மூன்று கோணங்களும் மாறும். ஹைடெக் லேபில் ஒரு பெண் அவற்றைக் கூட்டிவிட்டு, "டீச்சர், 180.01 வருது" என்றாள். முழுதாக்கியதால் வந்த வித்தியாசம். அன்றைய பாடவேளை முழுவதும் அதிலேயே போனது. திட்டமிட்டு நடத்திய எந்த வகுப்பும் எனக்கு அவ்வளவு நிறைவைத் தந்ததில்லை. ஒன்று மட்டும்: என்ன கேட்கவேண்டும் என்று ஆசிரியர் முன்கூட்டியே யோசிக்காவிட்டால் அதுவும் வெறும் இழுத்து விளையாடுவதாகிவிடும்.

ஆப் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களே, டெமோவுக்கு அவர்கள் கொண்டுவரும் கணக்குகளைப் போடாதீர்கள். உங்கள் வகுப்பின் பழைய விடைத்தாள் கட்டிலிருந்து பத்துத் தப்புகளை எழுதிக்கொண்டு போங்கள். 0.45 என்பது 0.5ஐ விடப் பெரியது, (a+b)² = a²+b², இப்படி. ஒவ்வொன்றுக்கும் அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். நான் எங்கள் தலைமையாசிரியரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த டெமோ வியாழக்கிழமை. என் தப்புப் பட்டியல் தயார். உங்கள் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தப்புகளையும் கமெண்டில் எழுதுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.