மாத வருமானம் எவ்வளவு?

போன வாரம் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் கணக்கெடுக்க வந்த தம்பி ஒருவர் டேப்லெட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். "மாத வருமானம் எவ்வளவும்மா?" பெரியம்மா சிரித்துவிட்டார். "கடலு என்ன மாசக் கணக்குலயா தருது? ஏதாவது ஒண்ணப் போட்டுக்க தம்பி." அவரும் ஏதோ ஒன்றைப் போட்டுக்கொண்டார்.

எனக்கு எரிச்சல் அங்கேதான். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கிறவர் பெரியம்மா. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், ஆக மாதத்துக்கு 12 நாள், அதிலும் காற்று எழும்பினால் அன்றைக்கு ஒன்றுமில்லை. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறை இடுக்கில் முங்கி முங்கிப் பறிக்க வேண்டும். சாயங்காலம் அந்தத் துணியை அவிழ்க்கும்போது பார்க்கணும், நகத்தைச் சுற்றி எல்லாம் வெள்ளையாக ஊறிப்போய் அங்கங்கே கீறியிருக்கும். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவான பிறகு அந்தப் பக்கம் ஒதுங்கவே பயம் வேறு.

பெரியப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறார். நல்ல சீசனில் அவர் கொண்டுவருவது, எதிர்வீட்டுப் பையன் துபாயிலிருந்து அனுப்புகிற பணத்துக்குக் குறைந்ததில்லை, சில மாதம் கூடவே இருக்கும். ஆனால் எதிர்வீட்டில் மே மாதமும் பணம் வரும், இங்கே வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நிவாரணத்தை 5000-லிருந்து 8000 ஆக்குவதாக 2023-இல் மண்டபத்தில் வைத்துத்தான் முதல்வர் சொன்னார். நல்லதுதான், குறை சொல்லவில்லை. 61-ஆல் வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 131 ரூபாய், மொத்தக் குடும்பத்துக்கும். மிச்சத்துக்குப் பெரியம்மாவின் தோடு அடகுக்குப் போகும். திருப்புவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அப்படி ஒரு ஜூனில்தான் அக்கா ப்ளஸ் டூவோடு நின்றாள், எதிர்வீட்டுப் பெண் கீழக்கரையில் காலேஜ் சேர்ந்தாள். இதையெல்லாம் ஆண்டு சராசரி போட்டால் இரண்டு வீடும் ஒன்றுபோலத்தான் தெரியும்!

சரி, வருமானத்தை விட்டுவிட்டு வேறு மாதிரி அளக்கலாம் என்று மத்திய அரசின் நிதி ஆயோக் 12 குறியீடுகள் வைத்து ஒரு வறுமைக் கணக்குப் போடுகிறது. அதில் தண்ணீரும் உண்டு, நல்ல தண்ணீர் எடுத்துவர, போய்வர 30 நிமிடத்துக்குள் முடிந்தால் அந்த வீட்டுக்குத் தண்ணீர்க் குறை இல்லை என்று அர்த்தம். எங்கள் தெருவில் குழாய் இருக்கிறது, வாசலுக்கு எட்டு அடி தூரம்தான். தண்ணீர் என்றைக்கு வரும் என்பது மட்டும் குழாய்க்கே தெரியாது. வராத நாளில் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, கசியக் கசியச் சிரட்டையால் மோந்து ஊற்றுவார்கள், ஒரு குடம் நிறைவதற்குள் வெயில் ஏறிவிடும். அந்த ஒரு மணி நேரத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? வீடு என்று ஒட்டுமொத்தமாக எழுதிவிட்டால், அதற்குள் யார் நேரம் போகிறது, யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள் என்பது மறைந்துபோகிறது.

அரசு பெண்களுக்கு மாதாமாதம் தரும் உரிமைத்தொகை 1000 ரூபாயைச் சிலர் கிண்டல் செய்கிறீர்கள். பெரியம்மா கணக்கில் நேராக விழுகிற ஒரே காசு அதுதான், பாதி சீட்டுக்கு, மீதி தண்ணீர் வண்டிக்கு. பெரியப்பாவிடம் கேட்க வேண்டியதில்லை.

அந்தத் தம்பி கிளம்பும்போது குடிக்கத் தண்ணீர் கேட்டார். வண்டிக்காரரிடம் காலையில் வாங்கிய குடத்திலிருந்து பெரியம்மா ஒரு செம்பு மோந்து கொடுத்தார். குடித்துவிட்டு, "குடிநீர் வசதி: உண்டு" என்று தட்டிவிட்டுப் போனார்.